நேரில் கண்டேன்

ஓய்வூதிய அலுவலகத்தில் அவளுக்கு இருந்த உத்தியோகப் பெயர் கள சரிபார்ப்பாளர். வெளியே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய், பென்ஷன் வாங்குகிறவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்து, இருந்தால் "நேரில் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அதனால் கிழவர்கள் அவளுக்கு உயிரம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். "உயிரம்மா வந்துட்டாங்க, எந்திரிச்சு உக்காருய்யா, இல்லேன்னா செத்தவன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க" என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்வார்கள். ஆரம்பத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதே வேடிக்கையை வீட்டுக்கு வீடு கேட்டுக் கேட்டு, பிறகு சிரிப்பதும் சம்பளத்துக்குச் செய்கிற வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

இப்போது அவள் ஓய்வு பெற மூன்று மாதம்தான் பாக்கி. முழங்கால்கள் இரண்டும் அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. குடியிருப்பதோ மாடி வீடு. கீழ் வீடு காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் அவளும் கணவரும் வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஓய்வு பெறும்போது கைக்கு வருவதை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மாதா மாதம் வரும் பென்ஷனில் வாடகை கட்டி, மிச்ச காலத்தைப் படி ஏறாமல் கழித்துவிடலாம் என்பது இருவரும் போட்டிருந்த திட்டம். கணவர் ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் உழைத்தவர். முதலாளி கடைசி நாளில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்துக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். ஆக, அந்த வீட்டின் முதுமை மொத்தமும் அவளுடைய பென்ஷனை நம்பித்தான் உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம் புது அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த அலுவலகத்துக்கு வருகிற எந்த அதிகாரியும் வெறுங்கையோடு வருவதில்லை, ஒரு சீர்திருத்தத்தோடுதான் வருவார். முன்பு ஒருவர் விரல்ரேகை இயந்திரம் கொண்டுவந்தார். ஆயுசெல்லாம் மண்வெட்டி பிடித்த விரல்களில் ரேகையே இல்லை என்று இயந்திரம் கையை விரித்துவிட்டது. இன்னொருவர், எல்லோரும் அலுவலகத்துக்கே நேரில் வர வேண்டும் என்றார். உயிரோடு இருப்பதைக் காட்ட வந்து வரிசையில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று. இவற்றையெல்லாம் பார்த்துச் சலித்திருந்த உயிரம்மா, இந்த முறையும் சுவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் இந்த அதிகாரி சொன்னது எளிய விஷயம். ஒருவர் பார்த்த வீட்டை அடுத்த வருஷம் அவரே பார்க்கக் கூடாது. தெருக்களை மாற்றிக்கொள்ள வேண்டும். முகத்தை அங்கேயே படம் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். நல்ல விதிதானே என்று அவளுக்கே தோன்றியது. ஒரே ஆள் ஒரே தெருவுக்கு வருஷக்கணக்காகப் போனால் பழக்கம் வந்துவிடும். பழக்கம் வந்த இடத்தில் கேள்வி கேட்கக் கூச்சமும் வந்துவிடும். இதை எப்போதோ செய்திருக்க வேண்டும்.

அவளுடைய தெருக்கள் கழுகுக்குப் போயின. கழுகு என்பது அலுவலகத்தில் ஓர் இளைஞனுக்கு வைத்த பெயர். செத்துப்போன அப்பாவின் பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் போன வருஷம் வரிசையாகப் பிடித்தவன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன். ஆனால் அவளிடம் மரியாதை உண்டு. அன்று சாயங்காலம் தெருப்பட்டியலை வாங்கிக்கொள்ள அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, அடுத்த வாரம் உங்க ஏரியாவுல இறங்கறேன். பாக்காமலே கையெழுத்துப் போட்டது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அந்தத் தெருவுல எனக்குக் கண்ணு தெரியாதுன்னு வச்சுக்கறேன்."

"போடா. ரிட்டயர் ஆகப்போறவகிட்ட விளையாடாதே."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பஸ் ஏறும் வரைதான் நின்றது.

பஸ்ஸில் கண்டக்டர் ஒரு சின்னப் பையன். வாயைத் திறந்து நிறுத்தத்தின் பேரைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, மணியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்துக் கண்டக்டர் இப்படியா இருந்தார் என்று அவள் மனசு சும்மா நினைத்தது. நினைத்ததும் திடுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் காலத்துக் கண்டக்டர் அவளுடைய பட்டியலில் இருந்தவர். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் பஸ்ஸில்தான் போய் வந்தாள். அவர் குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் தூங்குகிறவன் எழுந்து ஓடி வருவான். அவர் ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக்கு இவள் போக ஆரம்பித்தாள். "வாங்க, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று வாசலிலேயே வரவேற்பார். பிறகு ஒரு வருஷம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பேச்சு போய்விட்டது. அவள் கட்டிலருகே போய்ப் பார்த்தாள். கண்ணால் ஏதோ சொன்னார். அதற்கடுத்த வருஷம் போனபோது கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை போட்டிருந்தார்கள்.

"துடைச்சு விட்டுட்டு இருந்தேன் மேடம். உடம்புல துணியில்லாம இருக்காரு. கொஞ்சம் சங்கடம்" என்றாள் கண்டக்டரின் மனைவி.

ஒரு ஆண் சரிபார்ப்பாளராக இருந்திருந்தால் அதனால் என்னம்மா என்று திரையை விலக்கியிருப்பான். இவள் பெண். ஒரு காலத்தில் ஊரே கேட்கக் கத்திய மனுஷன், அம்மணமாகக் கிடக்கும்போது ஒரு பெண் எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் அவருக்கு? அவள் இரண்டு அடி பின்வாங்கி, திரைக்கு வெளியே நின்றபடி, "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். உள்ளே இருந்து ஓர் இருமல் வந்தது. போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மறு வருஷமும் திரை, மறு வருஷமும் இருமல். அதற்கும் மறு வருஷம் அந்தம்மா காரணம்கூடச் சொல்லவில்லை. இவளாகவே திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். ஆக மொத்தம், மூன்று வருஷமாக அவள் நேரில் கண்டது ஒரு பூப்போட்ட திரைச்சீலையைத்தான்.

அடுத்த வாரம் கழுகு போவான். அவனுக்குக் கூச்சம் கிடையாது. உள்ளே கண்டக்டர் இருந்துவிட்டால் கதை முடிந்தது. இல்லாவிட்டால்? பார்க்காமல் பார்த்ததாக எழுதிய சரிபார்ப்பாளருக்கு என்ன ஆகும் என்பது அவளுக்கு மனப்பாடம். விசாரணை முடியும் வரை அவளுடைய பென்ஷனை நிறுத்திவைப்பார்கள். கீழ் வீடு இன்னொருவருக்குப் போய்விடும். இருப்பார், அவர் உள்ளேதான் இருப்பார் என்று இறங்கும் வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் அந்த வீட்டில் இறங்கினாள். வழக்கமாக வரும் மாசம் இது இல்லை. கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ அவசரமாக நடக்கும் சத்தமும் கட்டில் முனகும் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

"வாங்க மேடம். என்ன, இவ்வளவு சீக்கிரம்?"

கண்டக்டரின் மனைவிக்கு எழுபதை ஒட்டிய வயது. முகத்தில் ஈயாடவில்லை. ஒற்றை அறைதான் வீடு. ஜன்னலோரக் கொடியில் ஆண்களுடைய சட்டைகள் இரண்டு, பித்தான் போட்டு, சுருக்கம் நீவி, தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படிக் காய்ந்தன. ஒரு நாற்காலி, ஒரு தகரப் பெட்டி, சுவரோரம் அந்தக் கட்டில், அதைச் சுற்றி அதே திரை. தலைக்கு மேலே மின்விசிறி நோயாளியைப் போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயாவைப் பாக்கணும்மா."

"துடைச்சுவிட்டு..."

"பரவாயில்லம்மா. எங்க மாமியாரை நான்தான் கடைசி வரைக்கும் துடைச்சுவிட்டேன். எனக்குப் பழக்கம்தான்."

உள்ளே இருந்து இருமல் வந்தது. நல்ல இருமல், நெஞ்சிலிருந்து வந்தது. உயிரம்மா ஒரு கணம் நின்றாள். இப்படியே திரும்பிவிட்டால் என்ன என்று ஓர் ஆசை. பிறகு கையை நீட்டித் திரையை விலக்கினாள்.

கட்டிலில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு ஆள், தலை வழுக்கை, கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, போர்வையை மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "வணக்கம் மேடம்" என்றான். கண்டக்டரின் மகன். வெளியூரில் வேலை பார்ப்பதாக அந்தம்மா வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்த மகன்.

பிடிபட்டவன் திமிறியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். அவன் வணக்கம் சொன்னான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவரு எப்ப போனாரு?" என்று கேட்டாள்.

"மூணு வருஷம் ஆகுது" என்றாள் அந்தம்மா. "மக வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தோம். அங்கேயே போயிட்டாரு. அங்கேயே எரிச்சுட்டோம்."

"சொல்லியிருந்தா உங்களுக்குப் பாதிப் பென்ஷன் வந்திருக்குமேம்மா. மனைவிக்கு உரிமை இருக்குல்ல?"

"வரும். எப்ப வரும்?" அந்தம்மா குரலை உயர்த்தவில்லை. பக்கத்துச் சுவரைக் காட்டினாள். "இந்த வீட்டுல இருந்த அம்மா, புருஷன் செத்த மறுநாளே நேர்மையா வந்து உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. முழுப் பென்ஷன் அன்னைக்கே நின்னுது. பாதிப் பென்ஷனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல நடந்தாங்க. அந்தத் தாள் இல்ல, இந்தத் தாள் இல்ல, ஆள் லீவு. வீட்டைக் காலி பண்ணிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. அதைப் பாத்துட்டு எனக்குச் சொல்லத் தைரியம் வரல. ரெண்டு மாசம் வாங்கிக்கலாம், கையில கொஞ்சம் சேத்துக்கிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க வந்துட்டீங்க. கதவைத் தட்டினதும் பயத்துல இவனை உள்ள படுக்க வச்சேன். நீங்க கேட்டீங்க, இவன் இருமினான், நீங்க எழுதிட்டுப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் சொன்னா நாங்க மட்டுமா மாட்டுவோம்? நீங்களும் மாட்டுவீங்க. பாவம், மரியாதையா திரைக்கு வெளியே நின்ன அம்மா, அவங்க தலையில கல்லைப் போடலாமான்னு யோசிச்சேன். பொய் சொல்றதா நினைப்பீங்க. பொய்யும் கொஞ்சம் இருக்கு, நிஜமும் இருக்கு."

தன் மரியாதையை இவர்கள் திருப்பிக் கொடுத்த விதம் இது என்று புரிந்தபோது, உயிரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அந்த இருமல்?" என்று மகனைக் கேட்டாள்.

"இப்ப நிஜமாவே வந்துடுச்சு மேடம்" என்றான் அவன். "ஒரு கம்பெனியில வாட்ச்மேன் வேலை கூப்பிட்டாங்க. போகல. யாராவது கதவைத் தட்டினா அப்பா வேணுமே."

"இவனுக்கு அதுதான் வேலையாப்போச்சு" என்றாள் அந்தம்மா. "எனக்கு வேற வேலை. வாரா வாரம் அவரு சட்டையைத் துவைச்சுப் போடறேன், அக்கம்பக்கம் பாக்கணும்ல. எதிர்வீட்டுல கேட்டா, கஞ்சி குடிச்சாரு, தூங்கறாருன்னு சொல்லணும். செத்த மனுஷனுக்கு இவ்வளவு வேலை செய்யணும்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு மேடம். நான் இன்னும் அழவே இல்ல. மக வீட்டுல ஊர்க்காரங்க யாராவது இருந்துடுவாங்களோன்னு பயம். இங்க வந்தா சுவருக்கு அந்தப் பக்கம் கேக்குமேன்னு பயம். அப்படியே நின்னுபோச்சு."

அந்தம்மாதான் முதலில் தெளிந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு வழி இருக்கு மேடம். மக ஊர்ல சாவைப் பதியவே இல்ல, நான்தான் வேணாம்னு தடுத்தேன். நீங்க இந்தத் தடவையும் பாத்ததா எழுதிடுங்க. அடுத்த நாளே அவரு செத்துட்டாருன்னு இங்க நாங்க சொல்லிடறோம். மக வீட்டுக்குக் கொண்டுபோறப்ப வழியில போயிட்டாருன்னு பதிஞ்சுக்கறோம். நீங்களும் தப்பிச்சீங்க, நாங்களும் தப்பிச்சோம். யாருக்கும் நஷ்டமில்ல."

சர்க்காருக்கு மூன்று வருஷப் பென்ஷன் நஷ்டம். ஆனால் அதைச் சொல்லத் தோன்றவில்லை. அந்த யோசனையில் ஓட்டை எங்கே என்று அவள் அனுபவம் தேடிப் பார்த்தது. பெரிய ஓட்டை எதுவும் அகப்படவில்லை. புது விதி அடுத்த வாரம்தான் நடைமுறைக்கு வருகிறது, அதுவரை அவள் எழுதுவது படமில்லாமலே செல்லும். ஒரு கையெழுத்து. கழுகு வரும்போது அங்கே சாவு வீடு இருக்கும், துக்கம் விசாரித்துவிட்டுப் போவான். மூன்று மாதத்தில் அவள் ஓய்வு பெறுவாள். கீழ் வீடு கிடைக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்று எழுந்தாள்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்கும் வரை உரித்துக்கொண்டே இருந்தார்.

"போட்டுடு" என்றார். "மூணு தடவை போட்டாச்சு. நாலாவது போட்டா என்ன? காகிதத்துக்கு வித்தியாசம் தெரியாது."

"மூணு தடவையும் அவரு உள்ள இருக்காருன்னு நெனச்சுப் போட்டேன். இப்ப அவரு இல்லேன்னு தெரியும்."

"சரி, தெரியும். தெரிஞ்சவங்க எத்தனை பேரு போடறாங்க. உங்க ஆபீஸே அப்படித்தானே ஓடுது."

அது பொய்யில்லை. அவள் வாசற்படியில் காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேர்மை கீர்மை என்று பெரிய வார்த்தை எதுவும் அப்போது மனசில் வரவில்லை. அந்த ஒற்றை அறைதான் வந்தது. கதவு தட்டினால் கட்டிலுக்கு ஓடும் அந்த வழுக்கைத் தலைக்காரன் வந்தான். இந்தக் கையெழுத்தைப் போட்டால் நாளை முதல் அவள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அவளுக்கும் அப்படித்தான் இருக்கும். அதுவும் ஆயுசு முழுக்க. அந்தம்மாவுக்கு அந்தத் தெம்பு இருந்தது. இவளுக்கு இல்லை. இவள் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தாள்.

"என்னால முடியாதுங்க" என்றாள். "பயத்தைத் தூக்கிக்கிட்டு படி ஏறி இறங்க முடியாது."

கணவர் கத்தியைக் கீழே வைத்தார். "உன் இஷ்டம்னு சொல்ல மாட்டேன். எனக்கு இஷ்டமில்ல. அந்த வீட்டை மனசுல குடிபோயே மாசக்கணக்காகுது. ஆனா உன்னைத் தடுக்கவும் மாட்டேன்." சாப்பிடும்போது, "நாளைக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

மறுநாள் புது அதிகாரி தன் அறையில் அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். திரையை, இருமலை, மகனை, அந்தம்மா சொன்ன வழியை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்களா வந்து சொன்னதை எழுதறேன்மா. அது உதவும். ஆனா மறைக்க முடியாது. விசாரணை முடியற வரைக்கும் உங்க பென்ஷன் நிக்கும்."

"தெரியும் சார்."

"எவ்வளவு நாள் ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார். நம்ம ஆபீஸ்தானே."

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"அந்தம்மாவைப் போலீஸ்ல கொடுக்காதீங்க சார். வாங்கினதைத் திருப்பிக் கட்டறேன்னு எழுதிக் கொடுத்தா, அவங்களுக்கு வரவேண்டிய பாதியிலயே மாசா மாசம் பிடிச்சுக்கலாம்னு விதி இருக்கு. அந்தப் பாதியைச் சீக்கிரம் ஆரம்பிக்கணும், அவ்வளவுதான். உங்க புது விதி நல்ல விதி சார், நான் குறை சொல்லல. அது இல்லேன்னா நானே இன்னும் திரையைத்தான் பாத்துட்டு இருப்பேன். ஆனா சாவைச் சொல்லாதவனைப் பிடிக்க நாங்க இத்தனை பேரு தெருத்தெருவா அலையறோம். சொன்னவங்களுக்குக் கொடுக்க அந்த மூலை மேசையில ஒரே ஆளு. அவரும் லீவு. சொன்னா அடுத்த மாசமே பாதி வந்துடும்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சா, முக்கால்வாசிப் பேரு அவங்களாவே வந்து சொல்லிடுவாங்க."

"அந்த மேசைக்கு ஆள் கேட்டு ரெண்டு தடவை எழுதிட்டேன்" என்றார் அதிகாரி. "பதில் இல்ல. திருட்டைப் பிடிச்சா பேப்பர்ல வருது, ஒழுங்கா கொடுத்தா வராது. அதனால இதுக்கு ஆள் தர்றாங்க, அதுக்குத் தர மாட்டேங்கறாங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கண்டக்டர் கேஸை நானே பாக்கறேன். அது என் கையில இருக்கு. உங்களோடது என் கையில இல்லம்மா. மன்னிச்சுக்கங்க."

வெளியே வந்தபோது கழுகு தன் மேசையில் தலையைக் குனிந்துகொண்டு எதையோ படிப்பது போல இருந்தான். அலுவலகத்தில் சுவருக்குக் காது உண்டு, அவனுக்கும் உண்டு. அவள் கடந்து போகும்போது மெதுவாக, "என்கிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். என்ன அர்த்தத்தில் சொன்னானோ. அவள் கேட்கவில்லை.

அங்கிருந்து நேரே கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். யாரோ முன்பின் தெரியாதவர் ஜீப்பில் வந்து சொல்வதற்குமுன் தான் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான். கதவைத் தட்டியதும் மறுபடியும் அந்த அவசர நடை, மறுபடியும் கட்டில் முனகல்.

"நான்தாம்மா. அவரைப் படுக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள் வெளியிலிருந்தே.

உள்ளே போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அந்தம்மா கேட்டுக்கொண்டே சுவரோரமாக நகர்ந்து போனாள்.

"எங்க வயித்துல மண்ணைப் போட்டுட்டீங்களே மேடம்" என்றாள். "வழி சொன்னேனே. உங்களுக்கும் சேத்துத்தானே சொன்னேன். உங்க வயித்துலயும் இல்ல மண்ணைப் போட்டுக்கிட்டீங்க?"

"ஆமாம்மா."

"அதுக்கு என்ன அவசியம்?"

"எனக்குத் தெம்பில்லம்மா. அவ்வளவுதான்." அதிகாரி சொன்னதை ஒவ்வொன்றாக மறுபடி சொன்னாள். பாதி வரும், அதில் கொஞ்சம் பிடிப்பார்கள், இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் வரும். மகன் வேலைக்குப் போகலாம். அந்தம்மா எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கொடியில் கிடந்த சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரம்மாவுக்குச் சொல்ல ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"இனிமே அவரு இருக்காருன்னு யார்கிட்டயும் சொல்ல வேணாம்மா. போயிட்டாருன்னு சொல்லிடலாம்."

அந்தம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. முதலில் ஒரு சத்தம்தான் வந்தது, வார்த்தை இல்லை. பிறகு, "ஐயோ, போயிட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாராலும் அதை நிறுத்த முடியவில்லை. மூன்று வருஷமாக நின்றுபோயிருந்தது மொத்தமும் வந்தது. மகன் கட்டிலை விட்டு இறங்கி வந்து அம்மாவின் தோளைப் பிடித்தான், பிடித்தவன் அப்படியே அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தான்.

எதிர்வீட்டுக்காரி ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பெண்கள்.

"என்னாச்சு? கண்டக்டரா? போயிட்டாரா? ஐயோ, நேத்துகூட அவரு இருமினது என் காதுல விழுந்துச்சே. எப்பப் போனாரு?"

மகன் வாயைத் திறந்தான், மூடினான். உயிரம்மாவைப் பார்த்தான். பொய்யும் நிஜமும் அந்த நேரத்தில் அவளுக்கும் வாயில் வரவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். போய்விட்டார் என்ற மட்டில் அது உண்மை. நாளைக்கு எல்லாம் வெளியே வரும், அப்போது இதே பெண்கள் வாசலில் நின்று வேறு விதமாகப் பேசுவார்கள். இன்றைக்கு அவர்கள் தரையில் சுற்றி உட்கார்ந்து, கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து அழ ஆரம்பித்திருந்தார்கள்.

உயிரம்மா எழுந்து போயிருக்கலாம். முழங்கால் எழ விடவில்லை. பக்கத்தில் அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மனுஷனோடு அவளுக்கு என்ன, டிக்கெட் வாங்கிய பழக்கம்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. வந்தது நிற்கவும் இல்லை. கண்டக்டருக்காக அழுகிறாளா, கைவிட்டுப் போன தன் பென்ஷனுக்காக அழுகிறாளா என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள்.

ஒரு பெண் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"நான் பென்ஷன் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேன்."

அந்தப் பெண் பிரமித்துப் போனாள். பக்கத்தில் இருந்தவளின் காதருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"ஆபீஸ்ல இருந்தே ஆள் வந்து அழுவுறாங்க பாரு. எப்பேர்ப்பட்ட மனுஷனா இருந்திருக்கணும்."